மரைப்பசைத் தேர்வுக் குழுவின் மாசற்ற செயலர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது அவ்வளவு சரியல்ல. அந்தக் காரியம் குழு அமைக்காமல் நடந்தது. மாதிரிகள் வரவழைக்கப்படவில்லை, மாற்றுக் கருத்து கேட்கப்படவில்லை. யாரோ ஒருவன் இரண்டு கல்லை எடுத்து உரசினான், பற்றிக்கொண்டது. அன்றுமுதல் இன்றுவரை உலகில் நடந்த தீ விபத்துகளுக்கெல்லாம் அந்த அவசரக்குடுக்கையே பொறுப்பு. பற்றவைத்தவனை விடுங்கள். பற்றிய நெருப்பின் புகை எந்த வழியாகப் போகவேண்டும் என்று நாற்காலியில் சாய்ந்து நிதானமாக யோசித்தவர்கள்தான் நாகரிகத்தின் உண்மையான தூண்கள். அந்தத் தூண்களில் ஒன்றைப் பற்றியது இந்தக் கதை.

அவர் ஒரு பேருந்துப் பணிமனையில் பொறியாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பணிமனையில் எல்லோருக்கும் அவர் 'தராசு' சார்தான். நடுநிலை தவறாதவர். ஒருமுறை இரண்டு குமாஸ்தாக்கள் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டபோது, ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து இருவரையும் சம அளவில் அதிருப்திப்படுத்தியவர். டீ நன்றாக இருக்கிறதா என்று கேண்டீன்காரர் கேட்டால்கூட, "நேத்து குடிச்சவங்களையும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பதால்தான் அலுவலகங்கள் இயங்குகின்றன. அல்லது, இயங்குகின்றனவா என்று ஆராயப்படுகின்றன.

விஷயம் சின்னது. பேருந்து எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாயில், எஞ்சினை ஒட்டினாற்போல், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. புகை எவ்வளவு சூடாக வருகிறது என்று எப்போதாவது கருவியை விட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. மற்ற நேரத்தில் மரை போட்ட ஓர் இரும்பு பிளக்கை அதில் முறுக்கி மூடிவிடுவார்கள். இரும்போடு இரும்பை என்னதான் முறுக்கினாலும் மரை இடுக்கு வழியாகப் புகை கசியும். அதனால் மரையில் ஒரு பசையைப் பூசி முறுக்குவது வழக்கம். குழாய் பழுக்கக் காய்ந்தாலும் அந்தப் பசை எரியக்கூடாது, உருகக்கூடாது, உதிரக்கூடாது. அந்தப் பணிமனையின் பழைய வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஓட்டுநருக்கோ தனிக் கதவு வைத்த கண்ணாடித் தடுப்பு. கசிகிற புகைக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பல வருடங்களாக ஒரு சாம்பல் நிறப் பசையைத்தான் பூசிவந்தார்கள். கடையில் கிடைக்காது. தகர டப்பாவில் பணிமனைக்கென்றே வரும். அது பாட்டுக்கு வேலை செய்தது. புது மேலாளர் வந்து சேர்ந்தபோதுதான் அதன் அசல் யோக்கியதை வெளிப்பட்டது. கிடங்கைச் சுற்றிப் பார்த்தவர் அந்த டப்பாவைக் கையில் எடுத்து, இதை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

"ரொம்ப வருஷமா இதுதான் சார். ஒரு புகார்கூட வந்ததில்லை" என்றார் கிடங்குக்காரர்.

"புகாரே வரலைன்னா, யாரும் கவனிக்கலைன்னு அர்த்தம்" என்றார் மேலாளர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம். முறையாகத் தேர்ந்தெடுக்கப்படாமல் இத்தனை காலம் ஒழுங்காக வேலை செய்த 'குற்றத்துக்காக' சாம்பல் பசை அன்றைக்கே புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. கடைசியாக மிஞ்சிய டப்பாவைத் தராசு சாரின் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். புதுப் பசை அறிவியல் முறைப்படி தேர்வாகும்வரை, சோதனைக்காகக் கழற்றும் பிளக்குகளைப் பசை இல்லாமலே முறுக்கிவைக்க வேண்டியது என்று உத்தரவானது. முதலில் கழற்றப்பட்டது மலைப்பாதைப் பேருந்தின் பிளக்.

'மரைப்பசைத் தேர்வுக் குழு' உதயமானது. மேலாளர் தலைவர். பாதுகாப்பு அதிகாரி ஓர் உறுப்பினர். வெளியிலிருந்து ஓர் ஆலோசகரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் திறந்த மனத்தோடு வந்திருந்தார். தராசு சார் செயலர்.

முதல் கூட்டம் தொடங்கியதுமே தராசு சார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிடறேன் சார். மலை வண்டியை ஓட்டறவர் என் அக்கா வீட்டுக்காரர். பசை இல்லாத பிளக் இப்போ அவர் வண்டியிலதான் இருக்கு. சீக்கிரம் நல்ல முடிவு வந்தா, முதல்ல பலன் அவருக்குத்தான். அதனால நான் எந்தப் பசையைச் சொன்னாலும் அது சொந்தக்காரருக்குப் பண்ற சலுகையா ஆயிடும்."

அறை நெகிழ்ந்துபோனது. பாதுகாப்பு அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா என்று மேலாளர் வியந்தார். உறவினர் அந்த வண்டியை ஓட்டும்வரை, பசையைப் பற்றிச் செயலர் தம் கருத்தை வாய்திறந்து சொல்லக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. ஆனாலும் அவரே செயலராக நீடிக்கவேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்தினார்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருப்பது அவசியம். அவர் பேசாமலிருப்பது அதைவிட அவசியம்.

தராசு சாருக்கு விஷயம் தெரியும். அதில் சந்தேகமே இல்லை. எந்தப் பசை நிற்கும், எது எரியும், எது உதிரும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த கணத்திலேயே அவருக்குத் தெரியும். ஒரு பசையைப் பற்றித் தமக்குத் தெரியும் என்பதற்காக அதை வெளியே சொல்லிவிடுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். அவர் செயலர்.

அந்த அத்தானைப் பற்றியும் சொல்லவேண்டும். தராசு சாருக்கு மீசை அரும்பும் முன்பே அப்பா போய்விட்டார். அக்கா புருஷன்தான் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போட்டுப் படிக்கவைத்தவர். வீட்டில் படிக்க இடமில்லை. அதனால் சாயங்கால வண்டியில் தன் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல் துண்டை விரித்து உட்காரவைப்பார். சூடு துண்டைத் தாண்டி வரும். அந்தச் சூட்டில் உட்கார்ந்துதான் பையன் கணக்கும் இயந்திரவியலும் படித்தான். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போனது அத்தானின் சட்டை. தராசு சாருக்கு அத்தான் என்றால் உயிர். அந்த உயிரைக்கூடத் தனிச் சலுகை காட்டாமல் பொதுவில் வைத்துப் பார்த்தார் என்றால் அவருடைய நேர்மையை என்னவென்பது!

மூன்று மாதிரிகள் வந்தன. முதலாவது, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப். இரண்டாவது, டியூபில் வரும் சிவப்புக் கோந்து. மூன்றாவது, அலமாரியில் இருந்த அதே சாம்பல் பசை. இத்தனை காலம் உழைத்ததை ஒரு தகுதியாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அதற்கும் புதிதாக ஓர் எண் கொடுத்து வரிசையில் கடைசியில் நிறுத்தினார்கள்.

சூடு தாங்குகிறதா என்று சோதிக்கவேண்டும். இங்கேதான் பாதுகாப்பு அதிகாரியின் மேதைமை வெளிப்பட்டது. பணிமனை விதிப்படி எஞ்சின் ஓடும்போது யாரும் பக்கத்தில் போய்ச் சோதனை செய்யக்கூடாது. எஞ்சினை அணைத்து, தொட்டால் ஜில்லென்று இருக்கும் அளவுக்கு ஆறவிட்ட பிறகுதான் மூடியையே திறக்கலாம். ஆகவே சூடு தாங்கும் சோதனை ஆறிய எஞ்சினில் நடக்கும் என்று அறிவித்தார்.

தராசு சாருக்குக் கேள்வி கேட்க அனுமதி இருந்தது. கருத்துச் சொல்லத்தான் தடை. மெல்லக் கையைத் தூக்கினார்.

"சூடு தாங்குதான்னு ஆறின எஞ்சின்ல எப்படி சார் பார்க்கறது?"

பாதுகாப்பு அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். "இது கேள்வியா, கருத்தா?"

தராசு சார் தம் மனத்தைத் துழாவிப் பார்த்தார். உள்ளே நேர்மையாகத் தேடினால் எதுவும் அகப்படாமல் போகாது. "கேள்விதான் சார். ஆனா அடியில கொஞ்சம் கருத்து இருக்கு."

"அப்போ வாபஸ் வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டார்.

சோதனை சிறப்பாக நடந்தது. மலை வண்டியின் ஆறிய குழாயில் மூன்று பசைகளையும் ஒவ்வொன்றாகப் பூசி, பிளக்கை முறுக்கி, எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒன்றுகூட எரியவில்லை. ஒன்றுகூட உருகவில்லை. ஒரு பொட்டுப் புகைகூடக் கசியவில்லை. மேலாளர் குழாயைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். மூன்றுக்கும் முழு மதிப்பெண். சோதனை முடிந்ததும் மலை வண்டியின் பிளக்கைத் துடைத்து, உத்தரவுப்படி வெறுமனே முறுக்கி, வண்டியைப் பாதைக்கு அனுப்பினார்கள்.

மூன்றும் சமமாக நின்றுவிட்டதால் குழு பெரும் நெருக்கடிக்கு உள்ளானது. இப்படிப்பட்ட நெருக்கடிக்காகவே ஆலோசகர்கள் பிறவி எடுக்கிறார்கள். அவர் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள்களை மேஜையில் பரப்பினார். இதுவரை பசையை மனிதர்களின் கண்ணோட்டத்தில் பார்த்ததுதான் பிழை என்றார். இனிப் பசையின் கண்ணோட்டத்தில் பார்க்கவேண்டும். எல்லோரும் கண்ணை மூடி, தாங்களே பசையாகி, தங்களுக்கு என்ன பயம் என்று சொல்லவேண்டும்.

மேலாளர் கண்ணை மூடினார். நெடுநேரம் பசையாக இருந்தார். "தனிமை" என்றார்.

"அருமை" என்று ஆலோசகர் அதை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பாதுகாப்பு அதிகாரிக்குத் தணிக்கை பயமாக இருந்தது. அதையும் ஒட்டினார்கள். தராசு சாரின் முறை வந்தது. அவர் கண்ணை மூடியதுமே பழுக்கக் காய்ந்த குழாயும், அதன் பக்கத்தில் துண்டு விரித்த எஞ்சின் மூடியும் தெரிந்தன. "எனக்குச் சூ..." என்று தொடங்கியவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். பசையாக மாறினாலும் செயலர் செயலர்தான். "எனக்கு ஒண்ணும் தோணலை சார்" என்றார். சுவரில் ஒரு வெற்றுத் தாளை ஒட்டினார்கள்.

அதற்குள் அத்தானுக்குத் தலைவலி வர ஆரம்பித்திருந்தது. மலை ஏறும்போது நெற்றிப்பொட்டில் பிடிக்கும், வாய் குமட்டும், வளைவில் கண் சொருகும். கண்ணாடியை இறக்கிவிட்டால் கொஞ்சம் தேவலை. ஆனால் மழைக்காலம் தொடங்கிவிட்டது. சாரல் உள்ளே அடித்தால் கை விறைத்து ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. கீழே வந்து இறங்கி நாலு எட்டு நடந்தால் தலைவலி போய்விடும். மருத்துவர் பார்க்கும்போது மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்துவிடுவார். ஒன்றுமில்லாதவர் வண்டியை எடுக்க மறுத்தால் அது ஒழுங்கீனம்.

அத்தான் புகார் கொடுத்தார். புகார் என்று ஒன்று வந்ததில் மேலாளருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான், கவனிக்க வாய்ப்புக் கிடைத்ததல்லவா. கவனித்தார். ஓட்டுநருக்கு மன அழுத்தம் இருப்பதாகக் கண்டு ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தலை வலிக்கும்போதெல்லாம், இருக்கையில் இருந்தபடியே, முதுகை நிமிர்த்தி, மூக்கு வழியாக ஆழமாக மூச்சை இழுத்து, உள்ளேயே சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும்.

"செஞ்சு பார்த்தேன் மாப்ள" என்று அத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார். "இழுக்கற வரைக்கும் தலைதான் வலிச்சுது. இழுத்த பிறகு தலை இருக்கான்னே தெரியலை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தராசு சாரும் சிரிக்கவேண்டியதாயிற்று. அக்கா சிரிக்கவில்லை. குழு எப்போதுதான் முடிவு சொல்லும் என்று தம்பியைக் கேட்டாள். ஆய்வு நடந்துகொண்டிருப்பதாகத் தராசு சார் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எந்தப் பசை சரி என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் அடுத்துக் கேட்டாள். அத்தான் குறுக்கே கையை நீட்டினார்.

"அவனை விடு. அவன் கஷ்டப்பட்டு வாங்கின நல்ல பேரு. என்னால அது கெடவேண்டாம். என்ன மாப்ள, நான் சொல்றது சரிதானே?"

தராசு சார் சோற்றைப் பிசைந்தார். தம்மைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அத்தான்தான் என்று நினைத்துக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. தராசு சார் எழுந்துபோய் அந்த அறையின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவைத்தார். இரண்டு கதவுகளையும். அவர் வாழ்க்கையில் ஒரு பக்கம் சாய்ந்தது அந்த ஒரு மதியம்தான்.

குழு புதிய அளவுகோல்களை வகுத்துக்கொண்டது. வாசனை, நிறம், கையில் எடுத்தால் வரும் உணர்வு, நிறுவனத்தின் நற்பெயருக்கு ஏற்ற தோற்றம். சூடு என்பது ஏற்கெனவே மூன்றும் முழு மதிப்பெண் பெற்ற பாடம் என்பதால் அதை மறுபடி எடுக்கவில்லை. சாம்பல் பசை ஒவ்வொன்றிலும் மண்ணைக் கவ்வியது. துரு வாடை அடித்தது. விரலில் பட்டால் போகவில்லை. டப்பாவும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வெள்ளை டேப் வெளுத்த சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி எல்லோரையும் கவர்ந்தது. அதன் தூய்மையை மேலாளர் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். மூன்றாவது மாதிரிக்குச் சுழி, சுழி என்று உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல, தராசு சார் எழுதிக்கொண்டார். ஒரு சுழிகூடக் கோணவில்லை.

ஆனால் மேலாளருக்கு ஒரு நெருடல். நிறுவனத்தின் நிறம் நீலம். பிளக்கைச் சுற்றிய டேப்பும் நீலமாக இருந்தால் எவ்வளவு பாந்தமாக இருக்கும்! நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டு டேப் தயாரிப்பவர்களுக்கு எழுதும்படி உத்தரவிட்டார். பதில் வரும்வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த இடைவெளியில்தான் அக்கா பணிமனைக்கு வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா, பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கப் போகிறவள் கொண்டுபோவது மாதிரி. தராசு சார் எதிர்நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அந்தச் சாம்பல் பசைதான் நல்லதாம். உங்க ஃபிட்டர் சொன்னார். மத்தியான இடைவேளையில அவரே பூசித் தர்றாராம். உன் அலமாரியில இருக்காமே. ஒரு ஸ்பூன் போதும்."

தராசு சார் அலமாரியைப் பார்த்தார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அக்கா, அது மாதிரிக்கு வச்சிருக்கறது. அதுல ஒரு ஸ்பூன் குறைஞ்சா, மத்த ரெண்டு மாதிரிக்கும் அநியாயம் பண்ணினதா ஆயிடும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வருகிறதா என்று அவளே தேடிக்கொண்டிருந்தது போல இருந்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "சரி. அதைப் பூசினா அவர் தலைவலி போகுமா போகாதா? அதை மட்டும் சொல்லு."

"அது கருத்து அக்கா."

"வாயால சொல்லவேண்டாம்டா. தலையை ஆட்டு. ஆமான்னு ஆட்டினா போதும், மேனேஜர் கால்ல விழுந்தாவது நான் வாங்கிக்கறேன்."

இங்கே வாசகர்கள் தராசு சாரின் கழுத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். அந்தக் கழுத்துக்குள் ஆமாம் என்ற ஆட்டம் தயாராக இருந்தது. தாடையை ஒரு விரற்கடை இறக்கினால் போதும். நெஞ்சு படபடத்தது, கண் கலங்கியது, காது சிவந்தது. இத்தனையும் அசைந்தன. தலை அசையவில்லை. சொந்த அக்காவுக்கு ஒன்று, ஊரார் அக்காவுக்கு ஒன்று என்று இரண்டு தலை வைத்துக்கொள்ள அவரால் முடியாது. டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அக்கா காலி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். மலை உச்சி நிறுத்தத்தில் கொட்டுகிற மழை. பயணிகள் நனையாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கிளம்ப நேரம் இருந்தது. பேட்டரி பலவீனமாக இருந்ததால் எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று அத்தான் ஓடவிட்டே வைத்திருந்தார். சாரல் அடிக்கிறதென்று தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி, தடுப்புக் கதவையும் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் மேல் கையை மடித்து, அதன்மேல் தலையை வைத்தார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா தடுப்புக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, பாவம், அசந்துபோய்விட்டார், சத்தம் போடாதீர்கள் என்று மற்றவர்களுக்கு ஜாடை காட்டினாள். அவர் தூக்கம் கெடக்கூடாதென்று வண்டி முழுக்கத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது. நடத்துநர் வந்து கண்ணாடியைத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். கதவைத் திறந்து தோளைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணை விரைவாகவும் முறையாகவும் நடந்தது. விபத்து நேர்ந்த பிளக்கின் மரையில் மூன்று மாதிரிகளில் எதுவுமே பூசப்பட்டிருக்கவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது. ஆகவே மூன்று பசைகளும் குற்றமற்றவை என்று அறிவிக்கப்பட்டன. குழு இன்னும் எதையும் தேர்ந்தெடுத்திருக்காததால், தவறாகத் தேர்ந்தெடுத்தது என்ற பழியும் அதன்மேல் விழவில்லை. மறைந்த ஓட்டுநர் மூச்சுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்துவந்தாரா என்பதற்கு மட்டும் சாட்சி கிடைக்கவில்லை.

தராசு சார் விடுப்பு முடிந்து வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. அக்கா வீட்டில் இருந்த நாட்களில் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேச முயலவில்லை. ராத்திரி பகலாக ஒரே ஒரு கணக்கு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பசையைப் பற்றிய கணக்கு அல்ல, அது பழசு. விதியைப் பற்றிய கணக்கு.

குழு கூடியது. மேலாளர் இரங்கல் சொன்னார். எல்லோரும் மௌனமாக எழுந்து நின்றார்கள். பாதுகாப்பு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, போதும் என்று சைகை செய்ததும் உட்கார்ந்தார்கள். நீல டேப்பைப் பற்றிய பதில் வந்திருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். தராசு சார் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"சார், மலை வண்டியை இப்போ ஓட்டறவர் எனக்குச் சொந்தமில்லை."

மேலாளருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். அவர் மேற்கூரையைப் பார்த்து விதியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். "உறவினர் ஓட்டும்வரைன்னுதான் இருக்கு. இப்போ தடை இல்லை" என்றார்.

"அப்போ பேசலாமா சார்?"

"தாராளமா."

தராசு சார் வாயைத் திறந்தார். வெள்ளை டேப் தண்ணீர்க் குழாய்க்கானது, அந்தச் சூட்டில் வண்டி மலையடிவாரம் சேரும் முன்பே எரிந்துபோகும் என்றார். சிவப்புக் கோந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துப் பொடியாக உதிரும். சாம்பல் பசை ஒன்றுதான் சூடு ஏற ஏற இறுகும், பிளக்கைச் சுற்றிக் கல் மாதிரி நிற்கும். ஆகவே மூன்றாவது டப்பா. இவ்வளவையும் ஒரே மூச்சில், குரல் உடையாமல் சொன்னார். ஒரு டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. எதிர்ப்பே இல்லாமல் சாம்பல் பசை தேர்வானது. மலை வண்டிக்கு அன்று பகலே பூசிவிடலாம் என்றார் மேலாளர். ஆலோசகர் சுவரிலிருந்த அந்த வெற்றுத் தாளை எடுத்து, இந்தக் கணத்துக்காகத்தான் இது காத்திருந்தது என்றார்.

மேலாளருக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. "இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"மொத நாளே தெரியும் சார்."

குழு அதை எடைபோட்டுப் பார்த்தது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. சொந்த அத்தான் கண்முன்னே வெளுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கூடப் பிறந்தவள் வந்து நின்றிருக்கிறாள். ஆனாலும் விதியை மீறி ஒரு சொல், ஒரு தலையசைப்பு கிடையாது. மேலாளர்தான் முதலில் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு இந்த முறை நிஜமாகவே கண்ணில் நீர் வந்துவிட்டது.

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே தாழ்வாரத்தில், அத்தானின் பெட்டியிலிருந்த சாமான்களை வாங்கிப்போக அக்கா வந்திருந்தாள். ஒரு சீருடைச் சட்டை, ஃபிளாஸ்க், முகம் துடைக்கும் துண்டு. அவற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அலுவலக உதவியாளரிடம் உள்ளே என்ன சத்தம் என்று கேட்டாள். தராசு சாருக்கு அது தெளிவாகக் கேட்டது.

"உங்க தம்பிக்குத்தான்மா. எந்தப் பசைன்னு சொல்லிட்டாராம். மொத நாளே தெரியுமாம், அப்பவும் வாயைத் திறக்காம இருந்தாராம். என்ன கட்டுப்பாடான மனுஷன்னு எல்லாரும் கைதட்டறாங்க."

அக்கா சட்டையை மடித்து ஃபிளாஸ்க்கின் மேல் வைத்துக்கொண்டாள்.

"தட்டட்டும்" என்றாள். "தெரியாம கொன்னிருந்தா யாரும் தட்டியிருக்க மாட்டாங்க."